தம்பினில் இறங்க வேண்டியவர்கள்

சிங்கப்பூரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் பக்கமாகத்தான் எம்.ஆர்.டி. போகிறது. சில நிமிடங்களுக்கு ஒரு ரயில். கதவு தானாகத் திறக்கிறது, குளிர்ந்த காற்று முகத்தில் படுகிறது, ஏறியவர் அமர்வதற்குள் கிளம்பிவிடுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் விடியுமுன் விழிப்பு வந்துவிட்டால், படுத்தபடியே நான் வேறொரு ரயிலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அது வராது. தெரியும். தெரிந்தும் காது கேட்பதை நிறுத்த மறுக்கிறது.

மலாக்கா மாநிலத்தின் வடகோடியில், தம்பினுக்கும் தெபோங்குக்கும் இடையே, ரயில் சடக்கை ஒட்டினாற்போல இருந்தது எங்கள் தோட்டம். சிங்கப்பூரிலிருந்து வடக்கே போகும் நைட் மெயில் எங்களைக் கடக்கும்போது நல்ல இருட்டாக இருக்கும். முதலில் தொலைவில் ஒரு ஊதல். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பால்மரக் காடு அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டதோ என்று எண்ணும் நேரத்தில் அது தரை வழியாக வரும். லயத்துச் சுவர்ப் பலகை வழியாக, படுத்திருக்கும் பாய் வழியாக, விலா எலும்பு வரைக்கும் வரும். "மெயிலு போயிருச்சு புள்ள" என்று சொல்லிக்கொண்டே அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். பெரட்டு மணி அடிப்பது அதற்கப்புறம்தான். கங்காணியின் கடிகாரம் முந்தும், பிந்தும். மெயிலை அம்மா நம்பினாள். அது தாமதமாக வந்த நாளில் லயம் முழுக்கத் தாமதமாக எழுந்தது.

அம்மாவின் அந்த வார்த்தையை நான் கேட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மணி பார்க்க இன்று என் தலைமாட்டில் கைத்தொலைபேசி இருக்கிறது, நொடி பிசகாமல். எழுப்புகிறது. எழுகிறேன். அவ்வளவுதான்.

தம்பின் ஸ்டேஷன் என்று எல்லாரும் சொன்னாலும், தம்பின் ஊர் நெகிரி செம்பிலானில் இருக்கிறது. ஸ்டேஷன் இருப்பது எல்லைக்கு இந்தப் பக்கம், மலாக்காவைச் சேர்ந்த பூலாவ் செபாங்கில். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. "ஸ்டேஷன் நம்மளுது, பேருதான் அவங்களுது" என்பார். அவர் பால்மரம் சீவியவர். ரயிலில் வேலை செய்தவரில்லை. ஆனால் சடக்கைப் பராமரிக்கும் கேங்கில் எங்கள் சனம் நிறைய. கல்லைக் கொட்டிச் சமன்செய்வதும், கட்டையை மாற்றுவதும், ஆணியை அடித்து இறுக்குவதும், வெயிலில் வளைந்த தண்டவாளத்தைக் கடப்பாறையால் நெம்பி நேராக்குவதும் அவர்கள்தான். நெம்பும்போது பாடும் பாட்டு தோட்டம் வரைக்கும் கேட்கும். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் "ஏலேலோ" என்று வாங்குவார்கள். வேலை முடியும், பாட்டு நிற்காது. அதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் ஒட்டுப்பால் பொறுக்குவோம்.

ஸ்டேஷனுக்குள் வேறொரு தமிழ். அந்நாளைய மலாயா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர்களும் கிராணிகளும் பலர் யாழ்ப்பாணத்தார். எங்கள் ஸ்டேஷனிலும் அப்படி ஒரு பெரியவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் திருநீறு. தோட்டத்து ஆட்களைப் பார்த்தால் அதிகம் பேசமாட்டார். ஆனால் பிள்ளைகள் நடைமேடை ஓரத்துக்குப் போனால் "பிள்ளை, அங்காலை போகாதை" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு நாங்கள் துரைக்குப் பயந்ததைவிட அதிகம் பயந்தோம். இப்போது நினைத்தால், எங்களைப் பிள்ளை என்று கூப்பிட்ட உத்தியோகஸ்தர் அவர் ஒருவர்தான்.

டிக்கெட் என்பது ஒரு கெட்டி அட்டை. உள்ளங்கையில் வைத்து மூடினால் மறைந்துவிடும் அளவு. சின்ன ஜன்னலுக்குப் பின்னால் அதைத் தேதி குத்தும் கருவிக்குள் கொடுத்து எடுக்கும்போது "டக்" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் பயணம் உறுதி, இனி அப்பா மனம் மாற முடியாது. அதுவரைக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். பிறகு நீண்ட மரப் பெஞ்சு. பிறகு காத்திருப்பு. கைகாட்டி இறங்கியதா என்று ஓடி ஓடிப் பார்ப்பது. ஒற்றை வழிப்பாதை அது. எதிரே வண்டி வராது என்பதற்கு அடையாளமாக, கம்பி வளையத்தில் கோத்த சாவியை ஸ்டேஷன் ஆள் உயர்த்திப் பிடித்து நிற்க, ஓடும் இன்ஜினிலிருந்து ஒருவர் கையை நீட்டி அதைத் தோளில் வாங்கிக்கொள்வார். பழைய சாவியை அதே நேரம் எறிந்துவிட்டுப் போவார். இரண்டு கைகள், ஒரு வளையம், தவறினால் வண்டி நின்றுபோகும். தவறி நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல். போர்ட்டர் ஒருவர் இருந்தார். ரயில் வந்து நின்றதும் நடைமேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்துகொண்டே கூவுவார், மலாயில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை: "தம்பின்... தம்பின்... மலாக்கா போறவங்கல்லாம் தம்பின்ல எறங்கணும்..." கடைசி எழுத்தை இழுத்து, மேலே தூக்கி, அங்கேயே விட்டுவிடுவார். தூங்கி வழிந்துகொண்டிருக்கும் பெட்டிக்குள் அந்தக் குரல் விளக்கு வெளிச்சத்துக்கு முன்னால் நுழையும். பெட்டி படுக்கையை இழுத்துக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சனங்கள் இறங்குவார்கள். மாசி மக நேரம் என்றால் கேட்கவே வேண்டாம்: செங்கில் சன்னாசிமலை ஆண்டவருக்குக் காவடி எடுக்க வருகிறவர்கள், மலாக்கா நகரத்துப் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து தேர் புறப்படுவதைப் பார்க்க வருகிறவர்கள், மஞ்சள் துணியும் மயிலிறகும் நடைமேடை முழுக்க.

மலாக்கா போகிறவர்கள் ஏன் தம்பினில் இறங்க வேண்டும்? சின்ன வயதில் அதை நான் கேட்டதில்லை. இறங்கி, வெளியே வந்து, பேருந்து பிடிப்போம். தாத்தாதான் ஒருநாள் ஸ்டேஷனுக்கு அப்பால் புதர் மண்டிக் கிடந்த ஒரு மேட்டைக் காட்டினார். "இந்த வழியாத்தான் மலாக்காவுக்கு வண்டி போனுச்சு."

போனது. 1905 முதல் போனது. தம்பினிலிருந்து மலாக்கா நகரம் வரை, இருபது மைலுக்குச் சற்று அதிகமான கிளைப் பாதை. டான் சாய் யான் என்கிற மலாக்காச் சீனர் 1896 இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அது என்பார்கள். பிறகு புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கர். காடு அழிந்து பால்மரம் வந்தது. பால்மரத்துக்காகத் தமிழர்கள் வந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய என் தாத்தா போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கி, ரயிலேறித் தம்பினுக்கு வந்து சேர்ந்தார். அவர் கால் வைத்த முதல் மலாக்கா மண், அந்த நடைமேடை.

ஜப்பான்காரன் காலத்தில் அந்தக் கிளைப் பாதையைப் பெயர்த்தெடுத்தார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டருக்கு ரயில் போட இரும்பு வேண்டியிருந்தது. மலாக்காவின் தண்டவாளங்கள் அதற்குப் போயின. தண்டவாளம் மட்டும் போகவில்லை. தோட்டம் தோட்டமாக ஆட்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தாத்தாவின் தம்பி அப்படிப் போனவர். மூன்று மாத வேலை, சாப்பாடு உண்டு, சம்பளம் உண்டு என்று சொல்லி ஏற்றினார்களாம். 1942 இல் தொடங்கி 1943 அக்டோபரில் அந்தப் பாதையை முடித்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அடியிலும் மலாயாத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அங்கே மடிந்தார்கள். சின்னத் தாத்தா திரும்பவில்லை. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு ஒரு பெரிய மயானம் இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 பேர், வரிசை வரிசையாக, புல் வெட்டிச் சீராக. எங்கள் ஆட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடைக்கவில்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவல் எழுதினார். அதைப் படித்துவிட்டு, சின்னத் தாத்தா இப்படித்தான் இருந்திருப்பாரோ, இந்த இடத்தில்தான் விழுந்திருப்பாரோ என்று பக்கத்துக்குப் பக்கம் தேடியவர்கள் என்னைப் போல எத்தனை குடும்பத்தில் இருப்பார்கள்.

தாத்தா சாகும் வரைக்கும் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி மலாக்காவுக்குப் போன வண்டியில் எத்தனையோ தடவை போனவன். அந்தத் தண்டவாளத்தையே அங்கே கொண்டுபோய் அவன் கையாலேயே போட வைத்திருப்பார்கள் என்று. அப்படி நடந்ததா, யார் சொல்ல முடியும். அவர் அதை நம்பினார். அந்தப் புதர் மேட்டைக் கடக்கும்போதெல்லாம் தோளில் கிடக்கும் துண்டைக் கையில் எடுத்துக்கொள்வார்.

யுத்தம் முடிந்தும் மலாக்காவுக்கு மறுபடி ரயில் போடவில்லை. மேட்டை வீடும் தோட்டமும் சடக்கும் எடுத்துக்கொண்டன. அதனால்தான் மலாக்கா போகிறவர்கள் தம்பினில் இறங்க வேண்டியிருந்தது. அந்தப் போர்ட்டரின் குரலுக்குள் இத்தனையும் இருந்தது.

அந்த நடைமேடையில் வந்து சேர்ந்தவர்கள் ஒரு தலைமுறை என்றால், பிரிந்து போனவர்கள் அடுத்த தலைமுறை. 1950களிலேயே வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியிருந்தார்கள். துன் சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் காசிலேயே தோட்டம் வாங்க முயன்றது அந்தத் துண்டாடலைத் தாங்க முடியாமல்தான். எல்லாத் தோட்டத்தையும் வாங்கிவிட முடியுமா? 1960களின் கடைசியில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று சட்டம் வந்தது. சிவப்பு ஐ.சி. வைத்திருந்தவர்கள், இங்கேயே பிறந்து பத்திரம் மட்டும் இல்லாதவர்கள், ஒரே நாளில் அந்நியர்கள் ஆனார்கள். என் அத்தை குடும்பம் அதில் ஒன்று.

அத்தை தம்பினில் வண்டியேறிய அன்று லயமே ஸ்டேஷனுக்கு வந்திருந்தது. கிள்ளானில் 'ரஜூலா' கப்பல். நாகப்பட்டினத்தில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. அவர் தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை. ஒரு தகரப் பெட்டி, ஒரு அம்மி, பால் சீவும் உளி. உளி எதற்கு என்று அப்பா கேட்டார். "கையில் இருக்கட்டும்ண்ணே" என்றார் அத்தை. மாஸ்டர் ஐயா பச்சைக்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போதும் நேரம் தவறாத மனிதர் அன்று கொடியை உயர்த்தச் சற்று நேரம் எடுத்துக்கொண்டதாக அம்மா பின்னால் எப்போதும் சொல்வாள். வண்டி நகர்ந்தது. நடந்தோம். ஓடினோம். நடைமேடை முடிந்துவிட்டது.

அத்தையிடமிருந்து சில வருடம் நீலக் கடிதங்கள் வந்தன. பிறகு வரவில்லை.

உங்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு நடைமேடை இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுடையது லாபிஸாக இருக்கலாம், சுங்கை சிப்புட்டாக இருக்கலாம், பாரிட் புந்தாராக இருக்கலாம். ஒரு கையசைப்பைக் கடைசியாகப் பார்த்த இடம். அந்த இடம் நின்றுகொண்டிருக்கும் வரைக்கும் அந்தக் கை இன்னும் முழுசாக இறங்கவில்லை என்று நமக்குத் தோன்றும்.

எழுபதுகளில் நானும் ரயிலேறினேன், தெற்கே. சிங்கப்பூரில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளுக்கு மலேசியப் பெண்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தம்பின், தெபோங், பத்தாங் மலாக்கா, ஆயர் கூனிங், கிம்மாஸ் என்று அப்பா வழியெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார், நான் திரும்பி வர வழி மறந்துவிடக் கூடாதே என்பதுபோல. பாலத்தைத் தாண்டி, தீவை ஊடறுத்து, வண்டி தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் போய் நின்றது. அவ்வளவு உயரக் கூரையை அதற்குமுன் நான் கண்டதில்லை. 1932 இல் கட்டியது. வாசலுக்கு மேலே நான்கு வெண்சலவைக்கல் உருவங்கள்: விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில். உள்ளே மண்டபச் சுவர்களில் மலாயாவின் வாழ்வைக் காட்டும் பெரிய சித்திரங்கள். நெல் வயல், தென்னை, ஈயச் சுரங்கம், கப்பல், மாட்டுவண்டி. அவற்றோடு பால்மரம் சீவுகிறவர்கள்.

அப்பா அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தன் தொழிலை யாரோ அத்தனை உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. "நம்ம வேலைய்யா இது" என்று பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம் சொன்னார். மறுவண்டியில் ஊருக்குத் திரும்பிவிட்டார். அந்தச் சுவரை எங்கே பார்த்தாலும் எனக்கு இன்றும் அவருடைய கழுத்து தெரிகிறது, அண்ணாந்த கழுத்து, அதில் வெயிலில் கறுத்த மடிப்புகள்.

அதன் பிறகு என் வாழ்க்கை இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் கழிந்தது. தீபாவளிக்கு முந்தின இரவு தஞ்சோங் பகாரில் தரை தெரியாது. சனங்கள் துணி மூட்டையும் பலகாரத் தகரமுமாக உட்கார்ந்திருப்பார்கள். நானா கடையில் டீ இழுக்கும் சத்தம். யாரோ யாரையோ விசாரிப்பார்கள்: "நீங்க எந்தத் தோட்டம்?" பெயரைக் கேட்கும் முன் தோட்டத்தைக் கேட்பது எங்கள் வழக்கம். விடியுமுன் தம்பின். அந்தக் குரல். "மலாக்கா போறவங்கல்லாம்..." அப்பா சைக்கிளோடு நிற்பார்.

2011 ஜூன் 30 ஆம் தேதி தஞ்சோங் பகாரில் கடைசி ரயில். அந்த நிலமும் தண்டவாளமும் அதுவரை மலேசியாவுக்குச் சொந்தமாக இருந்தன. 1990 இல் இரு நாடுகளும் போட்ட உடன்பாடு இருபது வருடம் இழுபறியில் கிடந்து, 2010 மே மாதம் இரு பிரதமர்களும் பேசி முடித்தார்கள். ஸ்டேஷன் உட்லண்ட்ஸுக்கு மாறும் என்றார்கள். நகரத்தின் நடுவில் அவ்வளவு விலையுள்ள நிலம். என்ன ஆகும் என்று எனக்கு நடுக்கமாக இருந்தது. ஆனால் அங்கே பேச ஆட்கள் இருந்தார்கள். சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் ரயில் பாதை முழுவதையும் பசுமை வழியாகவே விட்டுவைக்க வேண்டும் என்று திட்டம் எழுதிக் கொடுத்தது. கட்டடக் கலைஞர்கள், ஆசிரியர்கள், புகைப்படக்காரர்கள், சும்மா ரயிலை நேசித்தவர்கள் எல்லாரும் எழுதினார்கள், பேசினார்கள், பாதை நெடுக நடந்தார்கள். 2011 ஏப்ரல் 9 ஆம் தேதி தஞ்சோங் பகார் ஸ்டேஷன் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. புக்கிட் தீமாவின் சின்னஞ்சிறு ஸ்டேஷனையும் பாதுகாத்தார்கள். சாவி வளையத்தைக் கை மாற்றும் வழக்கம் கடைசி நாள் வரை அங்கே இருந்தது. அதைப் பார்க்கவென்றே நான் போயிருக்கிறேன். வளையம் கை மாறிய நொடியில் தம்பின் கண்முன் வந்துபோனது.

கடைசி வண்டியை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். ஆயிரக்கணக்கானவர்கள் கேமராவோடு நின்றார்கள். பலர் வாழ்க்கையில் அந்த ரயிலில் ஏறியதே இல்லாத இளம்பிள்ளைகள். அவர்கள் அழுததைப் பார்த்தேன். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு கட்டடத்துக்காக, அதில் தன் கதை எதுவும் இல்லாத ஒருவர் அழ முடியும் என்றால் அந்தக் கட்டடம் பிழைத்துக்கொள்ளும்.

பிழைத்துக்கொண்டது. தண்டவாளத்தை எடுத்தார்கள், 24 கிலோமீட்டர் பாதை பசுமை வழியானது. ஸ்டேஷனுக்குக் கீழே கான்டோன்மெண்ட் எம்.ஆர்.டி. நிலையத்தைக் கட்டினார்கள், மேலே உள்ளதை நொறுங்காமல் தாங்கிப் பிடித்துக்கொண்டு. கதவு திறந்துவிட்ட நாட்களில் நான் போனேன். சலவைக்கல் உருவங்கள் இருக்கின்றன. பால்மரம் சீவுகிறவர்கள் இருக்கிறார்கள். தரை துடைத்து வைத்திருக்கிறது. நன்றியோடுதான் நின்றேன். ஆனால் யாரும் யாரையும் "எந்தத் தோட்டம்?" என்று கேட்கவில்லை. மூட்டை இல்லை. மணி இல்லை. பூசை நின்றுபோன கோயிலுக்குள் நிற்பதுபோல இருந்தது. தூணைத் தொட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தம்பினில் நடந்தது வேறு. சிரம்பானிலிருந்து கிம்மாஸ் வரை 98 கிலோமீட்டருக்கு மின்மய இரட்டைப் பாதை போட்டார்கள். போட்டது இந்திய அரசின் இர்கான் நிறுவனம். எங்கள் தாத்தாக்கள் கல் கொட்டிய அதே வழியில் மறுபடியும் இந்தியாவிலிருந்து வந்து போட்டார்கள் என்று கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. 2013 அக்டோபரில் பாதை முழுமையாக ஓடத் தொடங்கியது. 2015 இல் இ.டி.எஸ். விரைவு ரயிலும் கொமுட்டரும் வந்தன. புதிய நிலையத்துக்குப் பூலாவ் செபாங் என்ற பெயரும் சேர்ந்தது. அப்பா இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். மின்தூக்கி இருக்கிறது, மேம்பாலம் இருக்கிறது, முதியவர்கள் சிரமப்படாமல் ஏறலாம். மின்ரயில் மணிக்கு 140 கிலோமீட்டரில் போகிறது. அதெல்லாம் வேண்டியதுதான். ஒற்றை வழியில் மணிக்கணக்காக எதிர் வண்டிக்குக் காத்துக் கிடந்தவள் நான். இரட்டைப் பாதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் பழைய ஸ்டேஷன் எங்கள் கைவிட்டுப் போனது. அதன் பெஞ்சு, ஜன்னல், தேதி குத்தும் கருவி, கைகாட்டி, பெயர்ப்பலகை. தெபோங் இன்றைய கால அட்டவணையில் இல்லை. பெயர் அறிவிப்பது பதிவு செய்த ஒரு பெண் குரல், சுத்தமான உச்சரிப்பு, ஏற்ற இறக்கம் கிடையாது. மலாக்கா போகிறவர்கள் இறங்க வேண்டும் என்று அது சொல்வதில்லை.

மலாக்காவுக்குப் பழமையைக் காக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1988 லேயே பண்பாட்டு மரபைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் அது. நாட்டுக்கே 2005 இல் தேசிய மரபுடைமைச் சட்டம் வந்தது. 2008 ஜூலையில் மலாக்கா நகரம் ஜார்ஜ் டவுனோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியது. போர்த்துக்கீசியரின் வாசல் நிற்கிறது, டச்சுக்காரரின் சிவப்புக் கட்டடம் நிற்கிறது, அவை நிற்க வேண்டும். என் மனத்தாங்கல் வேறு. மரபு என்றால் கோட்டையும் வியாபாரத் தெருவும் என்று ஆகிவிட்டது. அதிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், பால் வாளியோடும் தகரப் பெட்டியோடும் வந்தவர்கள் இறங்கிய இடமும் மரபுதான் என்று அதிகாரத்தில் இருந்தவர்களுக்குத் தோன்றவில்லை. தஞ்சோங் பகாருக்காக எழுதியவர்களுக்கு வீடு இருந்தது, மேசை இருந்தது, ஓய்வு இருந்தது. தம்பினுக்காக எழுத வேண்டியவர்கள் அப்போது தோட்டம் மூடப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, மலிவு விலை அடுக்குமாடியில் வாடகைக்கு அல்லாடிக்கொண்டிருந்தார்கள். தன் கூரைக்கே மனு எழுதிக்கொண்டிருந்தவனால் ஸ்டேஷன் கூரைக்கு எப்படி எழுத முடியும்?

எங்கள் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. லயம் இருந்த இடத்தில் ஒரு கறிவேப்பிலை மரம், ஒரு முருங்கை. கோயில் இருக்கிறது, ஆடிக்கு யாராவது வந்து பொங்கல் வைக்கிறார்கள். ரயிலில் அந்த வழியாகப் போகும்போது நான் ஜன்னல் பக்கம் மாறி உட்காருவேன். கண்ணாடி திறக்காது. பால்மரம் பூக்கும் வாசனை உள்ளே வர வழியில்லை. வந்தாலும் அங்கே பால்மரம் இல்லை. முருங்கை கண்ணில் பட்டுவிடும். அதற்குள் தாண்டிவிடும். முன்பெல்லாம் அவ்வளவு வேகமில்லை, கைகாட்டிக்குக் காத்து நின்ற வண்டியிலிருந்து லயத்து ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிந்தது, அவர்களும் கையில் மங்கோடு நிமிர்ந்து பார்த்து, யாரு, இன்னாரோட மகளா, எப்ப வந்த, என்று கேட்டுக்கொண்டே வேலி வரைக்கும் வந்துவிடுவார்கள்.

பேராக்கில், கோலா செபெத்தாங்கில், போர்ட் வெல்ட் ஸ்டேஷனின் பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது. மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1 ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து அங்கேதான் ஓடியது. தண்டவாளம் இல்லை, வண்டி இல்லை, சுற்றிலும் கடைகளும் மீன் வாடையும்தான். ஆனாலும் அந்தப் பலகையை ஊரார் பிடுங்கவில்லை. அதில் ரோமன் எழுத்து, ஜாவி, சீனம், தமிழ், நான்கும் இருக்கின்றன. ஒரு காலத்தில் இந்த நாட்டின் ஸ்டேஷன்களில் நம் எழுத்தும் இருந்தது என்பதற்கு அந்தப் பலகை சாட்சி. அதைப் பார்க்கவென்று தொலைவிலிருந்து வருகிறார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

போன கட்டடத்தைத் திரும்பக் கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. மலாக்கா மாநில அரசையும் ரயில்வேயையும் நம் தமிழ்ச் சங்கங்களையும் கேட்பது ஒன்றைத்தான். பூலாவ் செபாங் நிலையத்தில் ஒரு பலகை வையுங்கள், போர்ட் வெல்ட்டைப் போல நான்கு எழுத்திலும். இங்கிருந்து 1905 முதல் மலாக்காவுக்கு ரயில் போனது, யுத்தத்தில் அந்தத் தண்டவாளம் சயாமுக்குப் போனது, இந்தப் பக்கத்துத் தோட்டங்களின் ஆட்களும் போனார்கள், பலர் திரும்பவில்லை என்று எழுதுங்கள். இன்னும் எஞ்சியிருக்கும் பழைய ஸ்டேஷன்களை இடிக்கும் முன் அந்த ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தம்பினிலோ தெபோங்கிலோ பத்தாங் மலாக்காவிலோ ரயிலேறிய, இறங்கிய, கேங்கில் வேலை செய்த ஒரு பெரியவர் உங்கள் குடும்பத்தில் இருப்பார். நடைமேடையில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம், ஒரு அட்டை டிக்கெட், எதுவாக இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். வரும் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிவு செய்துவிடுங்கள்.